வெறுங்கையோடு வராதே

டையை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டினான் தம்பி. இன்று பல்கலைக்கழகத்தில் கணக்கியல் மாணவர்களும் ஆடிட்டர்களும் சந்திக்கும் நிகழ்ச்சி.

"போன வருஷம் மாதிரி வெறுங்கையோட வந்து நிக்காதே," என்றாள் அக்கா.

"நான் என்ன செய்ய? வாயைத் திறக்கறதுக்குள்ள நழுவிடறாங்க. என்னை மாதிரி ஆளெல்லாம் அவங்க கண்ணுலயே படறதில்லை."

"சிரிச்ச முகமா நில்லு. யாராவது ஒருத்தர் சிக்காமலா போயிடுவாங்க?"

அரங்கில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது. ஒருவழியாக, கையில் ஃபைலோடு மாணவி ஒருத்தி நேரே அவனிடம் வந்தாள்.

"சார், உங்க ஆடிட் ஆபீஸ்ல மொத்தம் எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?"

அவன் டையைச் சரிசெய்துகொண்டான்.

"நீங்க வந்து சேர்ந்தீங்கன்னா, ரெண்டு பேர்."