சோத்துக்கை

சேலைக்குள் துப்பாக்கி இல்லாமல் எந்த டீச்சரும் வகுப்புக்குள் நுழையக் கூடாது என்று ஆன நாளிலிருந்து தமயந்தியின் வலது கை அவளுடையதாக இல்லை. "வலது கையில எதையும் பிடிக்காதீங்க. வீட்டுலயும் துப்பாக்கியக் கழட்டாதீங்க. அப்பத்தான் பழக்கம் வரும்" என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். காய்கறிப் பை, குடை, சாவி எல்லாம் இடது கைக்குப் போயின. மகள் அருவியைத் தூக்கியதும் சோறு ஊட்டியதும் அந்தக் கைதான். கோயிலில் திருநீற்றுக்கு இடது கையை நீட்டி, பூசாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பழக்கம் என்னவோ நன்றாகவே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் சொர்ணம் விருந்துக்கு வந்திருந்தாள். அருவியின் அப்பா தயிர் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நாலு வயது அருவி சாம்பார் சாதத்தை இடது கையால் அள்ளி வாயில் வைத்ததும் சொர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏட்டி, சோத்துக்கையால சாப்பிடு! பிள்ளைய இப்பிடியா வளப்பீய மதினி?"

அருவி அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய வலது கை பாவாடை நாடாவின் பக்கத்தில் விரல் விரித்துக் காத்திருந்தது.

"இந்தக் கை சும்மாத்தான் இருக்கணும் அத்தை. யாராச்சும் வந்தா சுடணும்லா?"

வாசல் மணி அடித்தது. தாயின் கையும் மகளின் கையும் ஒரே நேரத்தில் இடுப்புக்குப் போயின.

தயிர்ப் பாக்கெட்டோடு அப்பா உள்ளே வந்தார்.