வண்டிக்கு அடியில் இரண்டு பேட்டரி

“பேட்டரிய பின்னால தொட்டியில வச்சா பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிருவேன் சார். அடியிலதான் மாட்டணும்னு இன்னா புடிவாதம்?”

மெஹபூப் பாஷாவின் குரல் வண்டிக்கு அடியிலிருந்து வந்தது. வெளியே தெரிந்தவை அவருடைய கால்கள் மட்டும்தான்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்த மறு வருஷம் அது. பட்டாளத்து ஏலத்தில் அல்போன்ஸ் எடுத்த பிக்கப் வண்டி மந்தைவெளியில் பாஷாவின் பட்டறையில் நின்றிருந்தது.

“பின்னால இடம் காலியா இருக்கணும் பாய்,” என்றார் அல்போன்ஸ், குனிந்தபடி. “அவ படுத்துக்கிட்டு வரணும்.”

சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே நுழைந்த டோரதி அப்படியே நின்றுவிட்டாள். கணவனின் முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது.

“காட்டு ரோட்டுல கல்லு அடிக்கும் சார். ஓடையில எறங்குனா பேட்டரி முழுகிப்பூடும்.”

“தேக்குப் பெட்டிக்குள்ள வச்சு, நல்லா மேல தூக்கி போல்ட் போடுங்க. ஓடையெல்லாம் பார்த்து ஓட்டிக்கிறேன்.”

“அது சரி. வண்டிக்குன்னு ஒண்ணு கீது. இன்னும் ரெண்டு எதுக்கு?”

“இஞ்சினை நிறுத்தினாலும் பின்னால விளக்கு விடிய விடிய எரியணும். அவளுக்கு இருட்டுன்னா பயம்.”

பாஷா சிரித்தார். “அடேயப்பா! வூட்டம்மாவுக்கு இம்மாம் உபசாரமா?”

“வீட்டுல இருக்கறவங்களுக்கு இல்ல. அவங்களுக்கு இது தெரியவும் வேணாம் பாய்.”

பாஷாவின் சிரிப்பு நின்றது. பிறகு மெதுவாக, “எவ்ளோ எடம் வேணும், படுக்க?” என்றார்.

அல்போன்ஸ் கைகளை விரித்துக் காட்டினார். முழுதாகக்கூட விரிக்கவில்லை. “இவ்வளவு போதும்.”

டோரதிக்குப் புரிந்துவிட்டது. குட்டையானவள். பர்மாக்காரி.

கல்யாணம் பேசியபோது அல்போன்ஸ் சொன்னது ஒரே வரிதான்: ‘ரங்கூன்லேர்ந்து நடந்து வந்தேன், எல்லாம் போயிடுச்சு.’ முதல் மனைவி குண்டுவீச்சில் இறந்தது சாந்தோமில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் டோரதியின் வீட்டில் யாரும் கேட்கவில்லை. செத்தவளோடு போட்டி போட வேண்டியதில்லை என்று டோரதியும் நிம்மதியாக இருந்தாள். இப்போதல்லவா தெரிகிறது! எல்லாம் போகவில்லை. ஒருத்தி பாக்கி இருக்கிறாள். தேக்கு வியாபாரம் பார்க்க மணிப்பூர் பக்கம் போகிறேன் என்று வீட்டில் சொன்னதெல்லாம் அவளைக் கூட்டிவரத்தான்.

கட்டில் பக்கத்தில் விளக்கை அணைக்க விடாமல் தூங்குகிற மனுஷன். கண் கூசுகிறது என்று இவள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! அதுவும் அவள் பழக்கிவிட்ட பழக்கம்தான் போலிருக்கிறது. இவளுக்கு எது பயம் என்று ஒருநாளாவது அவர் கேட்டதுண்டா?

கேரியரைத் தரையில் ணங்கென்று வைத்தாள். அல்போன்ஸ் திரும்பினார்.

“டோரதி! எப்ப வந்தே?”

“உங்க மகாராணி படுக்க இடம் அளந்தீங்களே, அப்பவே.”

பாஷாவின் கால்கள் சத்தமில்லாமல் வண்டிக்கு அடியில் போய் மறைந்தன.

“வீட்டுக்குப் போய்ப் பேசலாம் வா.”

“இங்கேயே பேசுங்க. பாய்க்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதா? அந்தக் குள்ளச்சிக்குத் தேக்குப் பெட்டி, ரெண்டு பேட்டரி, விடிய விடிய தீபாலங்காரம்! நான் கேட்ட ஒரு மேசை ஃபேனுக்கு மட்டும் இன்னைக்கு நாளைக்குன்னு சாக்கு.”

“அப்படிப் பேசாதே.”

“வேற எப்படிப் பேசறது? கோயில்ல சாமியார் முன்னாடி எனக்குத்தானே மோதிரம் போட்டீங்க? அவ சாந்தோம் எல்லையைத் தாண்டினா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அவளா நானா, இப்பவே சொல்லுங்க.”

“அவளைக் கூட்டிட்டு வராம என்னால இருக்க முடியாது டோரதி.” அவர் குரல் தாழ்ந்திருந்தது. “போன கல்லறைத் திருநாளுக்கு நாம உங்க அப்பா கல்லறையில மெழுகுவத்தி ஏத்தினோமே, அன்னைக்கு முடிவு பண்ணினேன்.”

“எங்கப்பா கல்லறையில நின்னுக்கிட்டே அவளை நினைச்சீங்களா?”

“ஆமா.”

பாஷாவுக்கு முன்னால் அழக்கூடாது என்று டோரதி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பேரு என்ன?”

“ஜோன்.”

“ஓ, ஞானஸ்நானமும் ஆயிடுச்சா! நடந்து வந்தேன்னு சொன்னீங்களே, அப்ப அவளும் கூட வந்தாளா?”

“வந்தா. என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் வந்தா. மலை ஏறும்போது தோள்ல தூக்கிக்கிட்டேன்.”

“தோள்லயா!” டோரதிக்கு முகம் கொதித்தது. “வெட்கமில்லாம சொல்றீங்களே. எத்தனை வருஷப் பழக்கம்?”

அல்போன்ஸ் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவ பொறந்ததுலேர்ந்து,” என்றார். “காய்ச்சல்ல காட்டுலயே போயிட்டா. தலைமாட்டுல ஏத்தறதுக்கு என்கிட்ட கடைசி மெழுகுவத்தி ஒண்ணு இருந்துச்சு டோரதி, ஆனா மேல ஏரோப்ளேன் சுத்துதுன்னு கூட வந்தவங்க ஒரு தீக்குச்சி கிழிக்கக்கூட விடல, என் குழந்தையை இருட்டுலயேதான் புதைச்சேன்.”