ராகி முடி

ஞாயிறு பூசை முடிய இன்னும் பத்து நிமிடம்தான். முடிந்ததும் பெற்றோர் பார்க்க வருவார்கள். மாதா கோயிலின் பின்புற மதில்மேல் ஓர் அட்டையில் பன்னிரண்டு முட்டை ஓடுகள் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த கண், மூக்கு, சிரிப்பு. உள்ளே மண்ணில் போன வாரம் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் தூவிய ராகி, பச்சை முடியாக எழுந்து வெயிலில் மினுங்குகிறது. லீனாவின் ஓட்டில் மட்டும் எதுவும் முளைக்கவில்லை. அவள் மறுபடி தண்ணீர் தெளிக்கிறாள், ஈர்க்குச்சியால் மண்ணைக் கிளறுகிறாள், அம்மா வரும் வழியைப் பார்க்கிறாள், மழித்த தலைமேல் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொள்கிறாள். தெருவில் ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடிக்கிறது. "மொட்டைக்கு மொட்டை முட்டை!" என்று டேரில் கத்த, எல்லோரும் சிரிக்கிறார்கள். லீனா ஓட்டை எடுத்துப் பைக்குள் மறைக்கப் போகிறாள். உள்ளே கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது. பக்கத்தில் நிற்கும் ரோஸ்லின் தன் ஓட்டைப் பார்க்கிறாள். வரிசையிலேயே அதற்குத்தான் நீளமான முடி. அதை ஒரே பிடியாகப் பிடுங்கிப் போடுகிறாள். "ஐயோ, என்னடி பண்ற?" என்று பதறுகிறார் மௌரீன் மிஸ். ரோஸ்லின் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்கிறாள். "இதுவும் வேளாங்கண்ணி போயிட்டு வந்துடுச்சு மிஸ்."