டி டிரைவ்

வேதமணி டீச்சரின் வைரஸ் பிடித்த கணினியைத் துடைத்துவிட்டு இலவச லினக்ஸைப் போட்டு முடித்திருக்கிறான் எட்மண்ட். கோர்படி ரயில்வே குடியிருப்பின் மதிய வெயில் திரையில் விழுகிறது. டீச்சர் அவல் போஹா தட்டை அவன் கையில் கொடுத்து அருகே உட்கார்கிறார். "எம்பொண்ணு ஷீலா கல்யாண போட்டோவ எல்லாம் டி டிரைவுல பேக்கப் எடுத்து வச்சேன்பா. அதத் திற." சியும் டியும் ஒரே டிஸ்கின் இரண்டு பாகங்கள் என்று டீச்சருக்குத் தெரியாது. எட்மண்டுக்குத் தெரியும், ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் முழு டிஸ்கையும் அழித்துவிட்டான். திரையில் வெறும் ஃபோல்டர் திறக்கிறது. வெளியே ரயில் கடக்க, கீபோர்டு மெல்ல அதிர்கிறது. டீச்சர் முந்தானையால் திரையைத் துடைத்துப் பார்க்கிறார். "நாந்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன் போல, இல்ல?" எட்மண்டின் தலை ஆமாம் என்று அசைகிறது. "சரி விடு, நீ என்ன பண்ணுவ, சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி போஹா வைக்கிறார்.