மூன்று பேரும் இறங்கிவிட்டார்கள்

செல்போனில் பழைய விண்வெளித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. யாரையோ காப்பாற்றப் போன மூன்று விண்வெளி வீரர்கள், ஆளில்லாத கிரகத்தில் தாங்களே மாட்டிக்கொண்டு முழித்தார்கள். தரையில் சம்மணமிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை எழுதினவனுக்கு மண்டையில மசாலா இருக்கா மாப்ள? மூணு பேரும் ஒண்ணா இறங்கிட்டானுங்க, கதவு சாத்திக்கிச்சு. ஒருத்தன் கப்பல்லயே இருந்திருந்தா திறந்துவிட்டிருப்பான்ல?"

"அவசரத்துல தோணியிருக்காது மாமா" என்றான் பக்கத்தில் இருந்த மைத்துனன்.

"தொழில் தெரிஞ்சவன் செய்யிற வேலையா இது? இப்ப ரேடியோவுல உதவி கேக்குறான் பாரு. யாரு வருவா? காப்பாத்தப் போன ஆளே இவன்தான?"



படம் நின்று போன் அடித்தது. நாலாவது மாடி அம்மா.

"லிஃப்ட் மெக்கானிக்தான? லிஃப்ட் பாதியில நிக்குது. உள்ள பேச்சுச் சத்தம் கேக்குது, யாரோ மாட்டிக்கிட்டாங்க போல. சீக்கிரம் ஆள் அனுப்புங்க."

மாமா எதிர்ச் சுவரைப் பார்த்தார். 'அவசரத்துக்கு அழைக்கவும்' என்பதன் கீழே இருந்தது அவர் நம்பர்தான்.

"ஆள் வந்தாச்சும்மா" என்றார். "ரெண்டு பேரும் உள்ளதான் இருக்கோம்."