செவ்வாய்தோறும் பதினொரு மணிக்கு

நூலகத்தின் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தபோது அட்டெண்டரின் தலை குனிந்திருந்தது. தப்புச் செய்த தலைதான் இப்படிக் குனியும் என்று நூலகர் நினைத்துக்கொண்டாள்.

"அறுபத்திரண்டு புத்தகம் அண்ணே. கால் முளைச்சு நடந்து போச்சா?"

"சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. பதினோரு வருஷமா உங்ககூட இருக்கேன்..."

"அதை நெனச்சாத்தான் வயிறு எரியுது."

கூடப்பிறந்தவராக எண்ணி, ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியைக்கூட அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போவாள். அப்படிப்பட்ட மனிதர் கழுத்தறுப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

புகார்க் கடிதம் தயார். நூலகக் குழுவில் இருக்கும் வரலாற்றுத் துறைத் தலைவர் அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், அட்டெண்டரின் வேலை போய்விடும்.

அந்தக் கல்லூரியில் அவளுக்கென்று இருந்த ஒரே துறை அதுதான். 'புத்தகமெல்லாம் தூங்குது, துறைகளோட பழகுங்க' என்று முதல்வர் சொன்ன நாள் முதல் அவள் மாடி மாடியாக ஏறி இறங்கியிருக்கிறாள். வேதியியலில் நிற்க வைத்தே பேசி அனுப்பினார்கள். கணிதத்தில் ஒருவரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வரலாற்றுத் துறை மட்டும் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைப் போல அவளைத் தாங்கியது. இரண்டு வருடமாகச் செவ்வாய்தோறும் பதினொரு மணிக்கு நாற்காலியும் தேநீரும் காத்திருக்கும். பதிலுக்கு அவளும், அந்தத் துறைக்காரர்கள் வந்தால் பையோடு உள்ளே விடும்படி அட்டெண்டரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

புத்தகங்கள் குறைந்த சேதி கேட்டு ஆறுதல் சொன்னவரும் அந்தத் தலைவர்தான்.

"வெளியாள் யாரு மேடம் எடுக்கப் போறா? உள்ளேயே பாருங்க."

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கண் திறந்தது.

இன்று திங்கள்தான். ஆனால் நாளைவரை பொறுக்க மனம் கேட்கவில்லை. கடிதத்தோடு மூன்றாம் மாடிக்கு ஏறினாள். அட்டெண்டர் மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தார்.

"அம்மா, பொண்ணு கடைசி வருஷம் படிக்குது. ஒரே ஒரு நாள் டைம் குடுங்கம்மா, தேடிப் பாக்கறேன்."

"எடுத்தவருக்குத் தேடறது என்ன கஷ்டம்?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

துறையில் தலைவர் இல்லை. காலையில்தான் வேலையில் சேர்ந்த புது விரிவுரையாளர் மட்டும் இருந்தார். அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்தார்.

"சார் வகுப்புல இருக்கார். நீங்க பக்கத்துத் துறையா மேடம்? புத்தகத்துக்கா வந்தீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள், உதவி செய்யும் ஆர்வத்தில் மூலையில் இருந்த மர அலமாரியை விரியத் திறந்தார்.

"எது வேணுமோ எடுத்துக்கங்க. எல்லாத் துறைக்காரங்களும் இங்கதான் வந்து எடுப்பாங்களாம், யாரும் கீழ வரைக்கும் இறங்கறதில்லையாம்."

அலமாரி நிறையப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் அவள் தன் கையால் எண் எழுதி ஒட்டிய வெள்ளைச் சீட்டு.

கடிதம் அவள் விரல்களுக்குள் கசங்கியது. வாசலில் நிற்கும் அட்டெண்டரின் முகத்தைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

புது விரிவுரையாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துடாதீங்க மேடம், அன்னைக்கு அந்த லைப்ரரி அம்மா வருமாம்."