மூன்றாம் அறையில் சத்தமே இல்லை

“கைக்குழந்தைய வீட்டுல போட்டுட்டு, வாசனை எண்ணெய் தேய்ச்சுக்க வந்திருக்கா பாருங்க மேடம். இவளும் ஒரு அம்மா!”

வரவேற்பு மேசைப் பெண் உதட்டைச் சுழித்தாள்.

“நமக்கெதுக்கு ஊர் வம்பு?” என்றார் மசாஜ் நிலையத்தின் முதலாளியம்மா. “மூணாம் ரூமுக்கு யாரு?”

“புதுசுதான் மேடம்.”

வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள். அதனால் எல்லாருக்கும் அவள் புதுசு.

“ஏய் புதுசு, ஞாபகம் இருக்கில்ல? அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘அழுத்தம் போதுமாங்க?’ன்னு கேக்கணும். அது வெளிய என் காதுல விழணும். ஒரே ஒரு புகார் வந்தாலும் வேற இடம் பாத்துக்க, ஆமா.”

புதுசு தலையாட்டினாள். எத்தனை முதுகு வேண்டுமானாலும் தேய்ப்பாள். வாயைத் திறப்பதுதான் அவளுக்குப் பெரும்பாடு.

உள்ளே வந்தவளுக்குப் பிரசவமாகி இரண்டு மாதம். கண்ணுக்குக் கீழே மை அப்பினாற்போல் கருவளையம். புதுசு நீட்டிய மூன்று வாசனை எண்ணெய்க் குப்பிகளையும் முகர்ந்து பார்த்தாள். லாவெண்டரில் நின்றாள்.

“இதுவே போதும். ரெண்டு மாசமா என் மேல பால் வாடைதான்.”

கிண்ணம் நிறையப் பாதாம் எண்ணெய், அதில் நாலே சொட்டு லாவெண்டர். அவள் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து, அரிப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் புதுசு உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கினாள். பால் கொடுக்கிறவள் என்பதால் தோளும் முதுகும் மட்டும்.

இடது தோள் கருங்கல்லாக இருந்தது.

“குழந்தைய இந்தப் பக்கம்தான் தூக்குவீங்களா?”

“ஆமா, எப்படித் தெரியும்?”

“தோளே சொல்லுதுங்க.”

சட்டென்று அவள் தலையைத் தூக்கினாள். “குழந்தை அழுவுது!”

“மாடி இரும்பு கேட்டுங்க. துருப்பிடிச்சது.”

படுத்தாள். மறுபடி எழுந்தாள். “இப்போ?”

“தண்ணி மோட்டாருங்க.”

“எனக்கு எல்லாமே அழுகையாத்தான் கேக்குது” என்றாள் தலையணைக்குள். “அது தூங்கினாலும் நான் தூங்குறதில்ல. மூச்சு வருதா வருதான்னு எண்ணிக்கிட்டே கிடப்பேன். கண்ணை மூடினா ஏதாவது ஆயிடுமோன்னு பயம். வெளிய சொன்னா பைத்தியம்பாங்க. மாமியார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன், ஒரு மணி நேரத்துல போயிடணும்.”

புதுசுக்கும் வீட்டில் ஒன்று இருக்கிறது, ஒன்றரை வயதில். பிடரியில் கையை வைத்து, அப்படியே வைத்திருந்தாள். அப்புறம் மெல்ல மேலிருந்து கீழே, அவள் மூச்சு போகிற வேகத்துக்குத் தன் கையும் போகிற மாதிரி.

கல் கொஞ்சம் கொஞ்சமாக மாவானது. மெத்தை ஓரத்தைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடியை விட்டன. மாடி இரும்பு கேட் மறுபடி கிறீச்சிட்டது. தலை எழவில்லை.

‘அழுத்தம் போதுமாங்க?’ தொண்டை வரை வந்துவிட்டது. புதுசு விழுங்கிக்கொண்டாள்.

வெளியே முதலாளியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “மூணாம் ரூம்ல சத்தமே இல்லையே. தேய்க்கிறாளா, தூங்குறாளா?”

ஒரு மணி நேரம் முடிந்தது. கதவருகே போய்க் குரல் கொடுத்தார். புதுசு மட்டும் வெளியே வந்தாள்.

“தூங்கிட்டாங்க மேடம்.”

“தூங்குறதுக்கு இதென்ன சத்திரமா? எழுப்பு!”

அதற்குள் வாசல் கதவு படாரென்று திறந்தது.

“எங்க அவ?”

தோளில் குழந்தை, நெற்றியில் வேர்வை. அந்த அம்மாவின் குரலில் மேசை மேல் இருந்த குப்பிகளே நடுங்கின.

“என் மருமக! ஒரு மணி நேரம்னு சொல்லிட்டு வந்தா. இன்னும் உள்ளதான் இருக்காளா?”

“வந்தாச்சு மாமியார்! இனி இருக்கு கச்சேரி” என்று வரவேற்புப் பெண் முணுமுணுத்தாள்.

“இதோ எழுப்பிடறேங்கம்மா” என்று முதலாளியம்மா பதறி ஓடினார்.

புதுசு நகரவில்லை. கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

“எழுப்ப விடமாட்டேன் மேடம்.”

“என்னடி சொன்னே?”

“ரெண்டு மாசத்துல இப்பத்தான் கண்ணை மூடியிருக்காங்க. என்னை வேலைய விட்டு வேணா அனுப்புங்க. அவங்கள எழுப்பாதீங்க.”

குரல் நடுங்கவில்லை.

“தள்ளு” என்றார் மாமியார். “நான் பாக்கணும்.”

“குழந்தைய உள்ள கொண்டுபோக வேண்டாம்மா. இந்த வாசனை சின்ன மூக்குக்கு ஆகாது.”

மாமியார் புதுசை மேலும் கீழும் பார்த்தார். குழந்தையை வரவேற்புப் பெண்ணின் கையில் திணித்தார். “இந்தா, தலையத் தாங்கிப் பிடி.” அவள் பானை சுமப்பவள் போல் விறைத்து நின்றாள்.

மாமியார் கதவை ஒரு விரற்கடை திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே மருமகள் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் பார்த்தார். பூனை போலக் கதவைச் சாத்தினார்.

“மன்னிச்சுக்கோங்கம்மா” என்றார் முதலாளியம்மா. “பொண்ணு புதுசு. இன்னைக்கே அனுப்பிடறேன்.”

“இவளை அனுப்பிப் பாருங்க, அப்புறம் தெரியும் என் வாய்” என்றார் மாமியார். முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தியிருந்தார். “எழுப்பச் சொல்லி யாரு கேட்டா? நாலு நாளாக் கெஞ்சி நான்தான் அவளை இங்க அனுப்பினேன். நேரமாச்சுன்னு பாதித் தூக்கத்துல எழுந்து வீட்டுக்கு ஓடி வந்துடுவாளேன்னுதான், குழந்தையையே இங்க தூக்கிட்டு ஓடி வந்தேன்!”